எங்கள் சந்தின் தண்ணீரும் கர்த்தர் தந்த மகளும்

சகோதர சகோதரிகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அழுதுகொண்டே எழுதும் சாட்சி இல்லை. கர்த்தர் எனக்குச் செய்த நன்மைக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் வயிறு இன்னும் எரிகிறது. நன்றியையும் கோபத்தையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

என் பெயர் ஜெசி. மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் போகும் வழியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் ஏ.சி. மெக்கானிக். நான் சேலையூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்த பிறகு இரண்டு முறை கர்ப்பமானேன். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். அது உதைக்க ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்றார்கள். எல்லாம் நார்மலாக இருந்தால் என் பிள்ளைகள் எங்கே? டாக்டர்களிடம் பதில் இல்லை. ஆனால் சபையில் பதில் சொல்ல ஆள் இருந்தது. பப்பாளி சாப்பிட்டாயா, ஸ்கூட்டியில் போனாயா, மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசினாயா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எங்கள் வீட்டு ஓனர் ஞானராஜ் அண்ணன், சபையில் மூப்பர், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏதாச்சும் மறைவான பாவம் இருக்குதான்னு உன்னிய நீயே ஆராஞ்சு பாரும்மா. காரணமில்லாம கர்த்தர் கர்ப்பத்த அடைக்க மாட்டாரு" என்றார்.

பைத்தியக்காரி, நானும் ஆராய்ந்தேன். பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியது வரைக்கும் ஆண்டவரிடம் அறிக்கை செய்தேன். அவர் எழுந்து போன பிறகு, அந்த வாழைப்பழத்தைத் தூக்கி எறியாமல் விட்டதுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம்.

ஞானராஜ் அண்ணன் வீடு மூன்று மாடி. நாங்கள் கீழே. வாசலோரம் போர்வெல், அதிலிருந்து பத்தடி தள்ளி செப்டிக் டேங்க். "வூடு கட்டி இத்தினி வருஷத்துல டேங்க் கழிவு எடுக்க ஒருவாட்டிகூட லாரி கூப்ட்டதில்ல தெரியுமா" என்று பெருமை அடிப்பார். சந்தில் முக்கால்வாசி வீட்டு ஓனர்கள் அதே பெருமையைத்தான் அடித்தார்கள். போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு வாடை கிடையாது. அதைத்தான் குடித்தோம்.

சும்மா குடிக்கவில்லை, காய்ச்சித்தான் குடித்தோம். என் அத்தை, அதாவது மாமியார், பெற்ற மகளைப் போல என்னைப் பார்த்துக்கொள்கிறவர். நான் கர்ப்பமானதும் சீரகம் போட்டுத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைப்பார். பிளாஸ்கில் ஊற்றிக் கடைக்கும் கொடுத்து அனுப்புவார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மூன்றாவது முறையாகக் கர்ப்பமானேன். கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அத்தைக்குக்கூட. சந்தோஷம் என்ற ஒன்று எனக்கு வரவே இல்லை. இதுவும் போய்விடும் என்ற பயம்தான். ரத்தம் பார்த்துவிடுவேனோ என்று குளியலறைக்குப் போகவே கால் வராது. ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டே ஜெபித்தேன். ஜெபம் என்று அதைச் சொல்லலாமா தெரியாது, சண்டை போட்டேன். "ஆண்டவரே, எனக்கு ஆறுதல் வேண்டாம், காரணம் வேண்டும். எனக்குள்ளே இருந்தால் அதைக் காட்டும். வெளியே இருந்தால் அதையும் காட்டும். இந்தப் பிள்ளையும் போன பிறகு காட்டினால் எனக்குத் தேவையில்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை மெர்சி அக்கா சபைக்கு வந்திருந்தார். எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தவர். அங்கே இருந்தவரை அவருக்கும் பிள்ளை தங்கவில்லை. அவர் கணவருக்கு வேலை மாறி குரோம்பேட்டைக்குப் போனார்கள். இப்போது கையில் குழந்தையோடு ஸ்தோத்திர காணிக்கை செலுத்த வந்திருந்தார். சபையே கைதட்டியது. உடனே பாஸ்டர், "கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருக்கிறவர்கள் முன்னே வாருங்கள், ஜெபிப்போம்" என்றார். நானும் போனேன்.

எல்லோரும் கண்களை மூடினார்கள். நான் மூடவில்லை. பக்தி இல்லாததால் அல்ல, கோபம். மூடமாட்டேன் என்று வீம்பாக நின்றேன். அதனால்தான் பார்த்தேன்.

என் பக்கத்தில் ஸ்டெல்லா, எங்கள் பின்வீடு. அவளுக்கு அந்தப் பக்கம் முனைவீட்டு கலா. அவளைத் தாண்டி விஜயா. விஜயா கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பெண், இந்த ஜெபத்துக்கு மட்டும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வருவாள். அவளும் எங்கள் சந்து. பள்ளிக்கரணையிலிருந்தும் சித்தாலப்பாக்கத்திலிருந்தும் ஜனங்கள் வருகிற சபை அது. முன்னால் நின்றவர்களில் ஓரிருவர் தவிர மற்ற எல்லோரும் ஒரே சந்து. எதிரே, அந்தச் சந்தைவிட்டுப் போன மெர்சி அக்கா, இடுப்பில் குழந்தையோடு.

எத்தனை ஞாயிறு இப்படி நின்றிருக்கிறோம்! ஒவ்வொருத்தியும் கண்ணை மூடிக்கொண்டு, தன் பாவத்தைத் தேடிக்கொண்டு, முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு.

ஆராதனை முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் அவர்களை மடக்கினேன். "உனுக்கு எத்தினி மாசத்துல போச்சு?" என்று விஜயாவிடம் நேராகவே கேட்டேன்.

"இன்னாக்கா, இவ்ளோ பேர் நடுவுல கேக்குற?" என்றாள். பிறகு, "ரெண்டுவாட்டிக்கா. ரெண்டும் நாலாம் மாசம்" என்று அழுதாள்.

"நான் மட்டுந்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள் ஸ்டெல்லா.

மறுநாளே டாக்டரிடம் போனேன். ஒரே சந்தில் இத்தனை பேர் என்றதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"போர் தண்ணிதான் டாக்டர். ஆனா நல்லா சுண்டக் காய்ச்சித்தான்."

"கொதிக்க வெச்சா கிருமி சாகும். பக்கத்துல செப்டிக் டேங்க் இருந்தா கழிவுநீர் போர்ல இறங்கும். அந்தத் தண்ணில நைட்ரேட்னு ஒரு உப்பு இருக்கும், அது கொதிச்சாலும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும்தான் கூடும். வயித்துல இருக்குற குழந்தைக்கு அது ஆகாது. உடனே நிறுத்துங்க. தண்ணிய டெஸ்டுக்குக் குடுங்க."

இத்தனை வருடத்தில் எனக்கு வெளியே இருக்கிற ஒன்றைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். என் ஜெபத்துக்கு அதுதான் பதில்.

எங்கள் நான்கு வீட்டுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். நான்கிலும் நைட்ரேட் அளவுக்கு மேல். எங்கள் வீட்டில்தான் அதிகம். டாக்டர் நேர்மையானவர். "உங்களுக்கு நடந்ததுக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா கர்ப்பமா இருக்கறவங்க இத வாயில வெக்கக் கூடாது" என்றார். அவர் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பாவி என்று அடித்துச் சொன்னவர்களிடம் யாரும் அத்தாட்சி கேட்கவில்லையே.

ரிசல்ட்டோடு ஞானராஜ் அண்ணன் முன்னால் போய் நின்றேன். டேங்குக்கு அடித்தளமே போடவில்லை, வெறும் மண் என்று அவர் வாயாலேயே வந்தது. மண் உறிஞ்சிக்கொண்டால் லாரி செலவு மிச்சமாம்.

"சபைக்குள்ள பேஜார் பண்ணாதம்மா. வெளிய தெரிஞ்சா வூடு வாடகைக்குப் போவாது" என்றார்.

"மறைவா எதுனா இருக்குதான்னு ஆராஞ்சு பாக்கச் சொன்னீங்கல்ல அண்ணே? பாத்துட்டேன். உங்க வாசல்லதான் கீது" என்றேன்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்து தாம்பரத்தில் என் அக்கா வீட்டுப் பக்கம் வந்துவிட்டோம். அத்தையிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னோம். "நாந்தானே காய்ச்சிக் காய்ச்சி ஊத்திக் குடுத்தேன், என் கையால குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கோபம் அவர்மேல் ஒரு துளியும் இல்லை. அவரை இப்படி அழ வைத்தவர்கள்மேல்தான் இன்னும் கூடியது.

ஐந்தாம் மாதம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆறு வந்தது, ஏழு வந்தது. கார்த்திகை மழையில் தாம்பரமே மிதந்த ஒரு நாளில் என் மகள் பிறந்தாள். பிறந்ததும் வீறிட்டுக் கத்தினாள். நர்ஸ் சிரித்தார். அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். ஸ்தோத்திரம் ஆண்டவரே, கோடி ஸ்தோத்திரம்.

விஜயாவுக்கு இப்போது ஏழாம் மாதம். ஸ்டெல்லாவுக்கும் கலாவுக்கும் இன்னும் இல்லை, அவர்களுக்காக ஜெபியுங்கள். மூன்று மாடியும் காலியான பிறகு ஞானராஜ் அண்ணன் டேங்கை உடைத்து அடியில் கான்கிரீட் போட்டார். சந்தில் மற்ற ஓனர்கள் இன்னும் லாரி கூப்பிடாத பெருமையில்தான் இருக்கிறார்கள். அதனால் மாதம் ஒருமுறை அங்கே போய்ப் புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வருகிறேன். முன்பெல்லாம் நான் வாயைத் திறக்காத பெண்.

ஆண்டவரிடம் கோபப்படலாம், அவர் தாங்குவார். என்னைப் போலச் சண்டை போட்டாவது கேளுங்கள், பதில் கொடுக்கிறவர் அவர். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனிமேல் ஒரு பெண் பிள்ளைக்காக முன்னே வந்து நின்றால், அவளுடைய பாவத்தைத் தேடாதீர்கள். அவள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். கையில் வாங்கிக்கொண்டு, இது எங்கிருந்து வருகிறதம்மா என்று கேளுங்கள்.