மோர் மிளகாயும் பேட்டரிக் கட்டையும்

போடியில எங்க தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளிட்டு வர்ற அம்மாவுக்கு, சேலைக்கு மேல பச்சைக் கோட்டு, கனத்த பூட்சுக்கு மேல கொலுசு. எங்க குப்பை வாளியை எட்டிப் பாத்தே நேத்து என்ன குழம்புன்னு சொல்லிரும். பேட்டரிக் கட்டை, கெட்டுப்போன சார்ஜரு போட வண்டியில தனியா ஒரு சிவப்பு வாளி தொங்கும்.

நான் அதில ஒண்ணுமே போட்டதில்ல. வேலை இருக்குற நாள்ல விடியுமுன்னே ஏலத்தோட்டத்து ஜீப்புக்குப் போக டார்ச்சு வேணுமே. தீந்த கட்டையை வெயில்ல காய வச்சா இன்னும் கொஞ்சம் எரியும்.

அன்னைக்கு ஒரே முறத்தில மோர் மிளகாயும் கட்டையும் காஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"ஏன் ஆத்தா, இதையும் எண்ணெயில பொரிக்கவா?"ன்னு அந்த அம்மா கேட்டுச்சு. கட்டை ஒழுகி மிளகாயிலெல்லாம் பட்டிருந்துச்சு. "இது வயித்துக்கும் ஆகாது, ஓடைத் தண்ணிக்கும் ஆகாது"ன்னு மொத்தத்தையும் அள்ளிச் சிவப்பு வாளியில போட்டுருச்சு. வருசம் பூரா கஞ்சிக்குத் தொட்டுக்க வச்சிருந்த மிளகாய். எனக்கு அழுகையே வந்திருச்சு.

மறுவாரம் ஒரு டப்பா மோர் மிளகாய் கொண்டாந்து நீட்டுச்சு. "பயப்படாமத் தின்னுங்க ஆத்தா, நான் கட்டை சேக்கல."

அந்த அம்மா பேரைக் கேக்கத்தான் வாயத் தொறந்தேன். வெக்கத்துல, "உப்பு சரியா இருக்குமா?"ன்னு கேட்டுட்டேன். இப்ப என் வாளியை எட்டிப் பாக்குறப்பல்லாம், "உப்பு சரிதானே ஆத்தா?"ன்னு சிரிக்குது. பேரு இன்னும் கேக்கல.