தண்ணி குடிப்பீங்களா என்று கேட்டேன்

பெலோஷிப்பின் ஆறாம் மாத ரிவியூவில்தான் என் ஆய்வு கவிழ்ந்தது. இந்த வருடம் சேர்ந்திருப்பவர்களுக்கு நான்தான் பொறுப்பாளர் என்பதால், எப்படிக் கவிழ்ந்தது என்பதை நானே எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் உடல்நலத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஆராயும் பட்டப்பின்படிப்பு மாணவர்களுக்குக் கொடுக்கும் பெலோஷிப் அது. இரண்டு வருடம். ஆறாம் மாத ரிவியூவில் தேறினால்தான் தொடரலாம். தேயிலை மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு ஏன் அடிக்கடி வருகிறது என்பது என் தலைப்பு. இடம், கலவான பக்கம் ஒரு தோட்டம். எனக்கு ஊர் பெல்மதுளை. அப்பாவுக்கு டவுனில் புடவைக்கடை. தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும், இனி என்ன கஷ்டம் என்று கிளம்பியவள் நான்.

'பணிநேரத்தில் நீர் அருந்துவதுண்டா?' என்று முதலில் இருந்தது எட்டாவது கேள்வி. ஆட்கள் பேசுகிற மாதிரி எழுது என்று எதிக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பியது. 'வேலை நேரத்துல தண்ணி குடிப்பீங்களா?' என்று மாற்றினேன். ஆறாவது கேள்வி வெற்றிலை போடுவது பற்றி, ஏழாவது புகையிலை பற்றி. அவற்றுக்கு அடுத்து இது.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வீடுவீடாகப் போனேன். எட்டாவது கேள்வி வந்ததும் பெண்களின் முகம் மாறும். சிலர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பதில் மட்டும் எல்லோரிடமும் ஒன்றுதான்: இல்லை. ஒரே ஒரு அம்மா குரலைத் தாழ்த்தி, தீபாவளிக்கு மட்டும் கொஞ்சம் என்றார். அதையும் அப்படியே பதிந்துகொண்டேன்.

ரிவியூவில், மலையில் ஒரு பெண்கூடத் தண்ணீர் குடிப்பதில்லை என்று பெரிய எழுத்தில் ஸ்லைட் போட்டேன். குழுவில் தமிழ் தெரிந்த ஒரு சிங்களப் பேராசிரியை இருந்தார். பின்னிணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த அம்மா தீபாவளிக்கு மட்டும்தான் தண்ணி குடிக்கிறாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் சாராயத்தைப் பற்றிப் பதில் சொல்லியிருந்தார்கள். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். பிறகு பஸ்ஸில் பெல்மதுளை வரை அழுதேன். ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் சரிசெய்யாவிட்டால் பெலோஷிப் போய்விடும்.

மலையில் ஒரு நாள்

மறுபடி தோட்டத்துக்குப் போனதும் முதலில் தெய்வானையக்காவைத் தேடினேன். கொழுந்து எடுப்பவர், நாற்பது வயதிருக்கும். அடுப்பைப் பார்க்க எழுந்து போனவர் அவர்தான். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு மறுபடி ஒரு தரம் சொல்ல வைத்தார்.

"நாங்க என்னா நெனச்சோம் தெரியுமா மிஸ்? பொம்பளைங்க குடிச்சிட்டு வேலைக்கு வாறாங்கன்னு யாரோ பெட்டிசன் போட்டுட்டாங்க, அத விசாரிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு."

சரி, நிஜமான தண்ணீர் குடிப்பீர்களா என்று கேட்டேன். போத்தலில் கொண்டுபோவோம் என்றவர், நாளைக்கு எங்களோடு மலைக்கு வாங்க, பார்ப்போம் என்றார்.

போனேன். செடி கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு கட்டிவிட்டார்கள். காலையில் மழை, பிறகு கொளுத்தும் வெயில். பத்து மணிக்கே என் போத்தல் காலி. பதினொரு மணிக்குச் சிறுநீர் முட்டி என்னால் நேராக நிற்க முடியவில்லை. மேலே கங்காணி நிற்கிறார், கீழே ஆண்கள் மருந்தடிக்கிறார்கள், ஓரப் பற்றைப் புதரெல்லாம் அட்டை. லயத்துக்கு இறங்கி ஏற முக்கால் மணி நேரம். எங்கே போவது என்று அக்காவிடம் கிசுகிசுத்தேன். அவர் கை கொழுந்தை விட்டு எழவில்லை.

"இதத்தான் மிஸ் கேட்டிருக்கணும். குடிச்சா எங்க போறது? லயத்துக்குப் போய் வந்தா கொழுந்து கிலோ கொறஞ்சிரும், சம்பளத்துல வெட்டிருவாங்க. அதனால வாய மட்டும் நனைச்சுக்குவோம்."

பிறகு அவரும் இன்னும் இரண்டு பேரும் என்னைச் சுற்றிப் படங்கை விரித்துப் பிடித்தார்கள். அன்று என் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் என் ஆய்வு முழுவதும் அந்த இடத்திலிருந்து வந்ததுதான்.

அடுத்த நாளிலிருந்து எட்டாவது கேள்வியைத் தூக்கிவிட்டேன். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, போத்தலில் எவ்வளவு மிச்சம் என்று காட்டச் சொன்னேன். பெரும்பாலும் முக்கால் போத்தல் அப்படியே இருந்தது. இரண்டாவது ரிவியூவில் அந்தப் பேராசிரியை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அட்டை கடித்ததா? மூன்று இடத்தில் என்றேன். தேறிவிட்டேன்.

சாவி

முடிவுகளைத் தோட்டத்து மேனேஜரான துரையிடம் சொல்லும் கூட்டத்தில் நான் ஆங்கிலத்தில் தயாரித்துக்கொண்டு போனதெல்லாம் வீண். தெய்வானையக்கா எழுந்து சரளமான சிங்களத்தில், ஐயாவின் ஆபீஸில் பாத்ரூம் இல்லாவிட்டால் ஐயா காலையில் டீ குடிப்பாரா என்று மரியாதையாகக் கேட்டார். துரை சின்ன வயதுக்காரர், காது சிவந்துவிட்டது. இரண்டு மாதத்தில் மேல்மலை மடுவத்துக்குப் பக்கத்தில் கழிவறை எழும்பியது, தண்ணீர்த் தொட்டியோடு.

படம் எடுத்து, இறுதி அறிக்கையில் 'கட்டப்பட்டது' என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் சந்தோஷத்தில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கட்டியாச்சு மிஸ். சாவி கங்காணி சட்டப்பையில இருக்கு."

எந்தப் பெண் போய் அவரிடம் சாவி கேட்பாள்? அறிக்கையை நிறுத்திவைத்துவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். கங்காணி கெட்டவரில்லை. அசுத்தமாகாமல் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பூட்டிவிட்டார். பேசியதும், தொல்லை விட்டது என்கிற மாதிரி சாவியைக் கொடுத்துவிட்டார். பெண்கள் முறைபோட்டுக் கழுவுவதாகச் சொன்னார்கள். பூட்டைக் கழற்றிவிட்டு உள்பக்கம் ஒரு கொண்டி அடித்தார்கள்.

இப்போது உங்கள் அறிக்கைகளை நான்தான் முதலில் வாசிக்கிறேன். 'கட்டப்பட்டது', 'வழங்கப்பட்டது' என்று எங்காவது வந்தால், ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்புவேன்: பூட்டு எந்தப் பக்கம்?