வெண்டெல் தட்டாமல் விட்ட கதவு

வெண்டெல் பெல்கி எதற்காவது ‘சரி’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வெர்மான்ட் மலையில் எங்களுடைய ஊர் லோயர் ஹாஸ்கல். வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் முதல் செவ்வாய், ஊரே கூடி உட்கார்ந்து வரியையும் செலவையும் ஓட்டுக்கு விடுவோம். பாலம், சாலை, பனி அள்ளும் வண்டி, எது வந்தாலும் வெண்டெல் ‘வேண்டாம்’ பக்கம்தான் எழுந்து நிற்பார். தீயணைப்பு வண்டிக்கும் வேண்டாம் என்றார். அடுத்த மாதமே என் அண்ணன் வீட்டுக் கொட்டகை தீப்பிடித்தபோது முதல் வாளியோடு ஓடி வந்தவரும் அந்த மனிதர்தான்.

ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூட மேட்டுக்குக் கீழே அவருடைய பண்ணை, முப்பத்து நான்கு கறவை மாடுகள். காலை நான்கு மணிக்கு ஒரு கறவை, மாலை நான்கு மணிக்கு ஒரு கறவை. இடையில் வேலி, வைக்கோல், சாணம். பள்ளிக்கூடத்துக் குழாய் பனியில் உறைந்தால் கேட்காமலே வந்து சரிசெய்துவிட்டு, ஒரு காபி கூடக் குடிக்காமல் போய்விடுவார். அப்பேர்ப்பட்டவரைக் கஞ்சன் என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன்.

கூட்டம் நடப்பது பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில். அதை ஒட்டியே சமையலறை. நடுவில் ஒரு தகரக் கதவு, கீழே இழுத்து மூடுவது. நான் அந்தச் சமையலறையில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவள். கூட்டத்தன்று ஊருக்கே மதியச் சாப்பாடு எங்கள் கையால்தான். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் உருளும் சத்தம் பொறுக்காமல் கூட்டத் தலைவர் ஆல்வின் ஸ்டோடர்ட் கதவை மூடச் சொல்லிவிடுவார். உள்ளே இருக்கும் எங்களுக்கு ஓட்டு வந்தது எப்படித் தெரியும்? கதவை ஒட்டிய நாற்காலியில் இருப்பவர் மூன்று தட்டு தட்டுவார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்சுவரோரம் நிற்போம். பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலி வெண்டெலுடையது. எங்களுக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிறவரே எங்களை ஓட்டுப் போடக் கூப்பிடுவார். இதில் வேடிக்கை இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

1991-இல் ஐந்தாவது தீர்மானம் பள்ளிக்கூடம். கூரை ஒழுகியது, கொதிகலன் எந்த நிமிடமும் நின்றுவிடும் நிலை. சரிசெய்யாவிட்டால் செப்டம்பரில் பூட்டு என்று மாநில அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். பூட்டினால் முப்பத்தொரு பிள்ளைகளும் பனியில் மலையைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போகவேண்டும். சரிசெய்வதென்றால் பணம் நிலவரியிலிருந்துதான் வரவேண்டும். அந்த வருடம் பால் விலை படுத்துக் கிடந்தது. இந்த வரியும் ஏறினால் வெண்டெல் மாடுகளை விற்கவேண்டும். இது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடம் பிழைத்தால் அவர் கொட்டகை காலி, அவ்வளவுதான் கணக்கு.

இரண்டு வாரமாகக் கடையில் பாதிப் பேர் மீதிப் பேருக்கு முகம் கொடுக்கவில்லை. கூட்டத்தன்று காலையில் மூன்று மணி நேரம் விவாதம். நாகரிகமாகத் தொடங்கியது, போகப்போக அவனவன் பாட்டன் கதைவரை தோண்டினார்கள். கடைசியில் வெண்டெல் எழுந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாரும் ஆல்வினைப் பார்த்துத்தான் பேசவேண்டும். ஆல்வினுடைய மனைவிக்கும் அன்று அவர் தலைவர்தான்.

“தலைவரே, பள்ளிக்கூடம் வேண்டாம்னு நான் சொல்லல. நானும் எட்டாவது வரைக்கும் இங்கதான் படிச்சேன். என்னால முடியாதுன்னு சொல்றேன். முடியாதுங்கிறதுக்கும் வேண்டாங்கிறதுக்கும் இங்க ஒரே ஓட்டுதான் இருக்கு. நான் என்ன பண்ண?”

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே. எழுந்து சொன்னேன்:

“தலைவரே, பிள்ளை குட்டி இல்லாதவங்களுக்குப் பள்ளிக்கூடம் சுமையாத்தான் தெரியும்.”

வெண்டெல் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டார். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. சாப்பாட்டு வரிசையில் அவர் தட்டை நீட்டினார், நான் பயறும் பன்றி இறைச்சியும் வைத்தேன்.

மதியம் ஒன்றரைக்குக் கதவை மூடினோம். உள்ளே ஒன்பது பெண்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடினால் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே காதில் விழாது. வெளியே நடந்ததைப் பின்னால் கேட்டுத்தான் சொல்கிறேன்.

விடுமுறை வீடுகள் கட்டி விற்கும் ரஸல் கிரேன் எழுந்து, பேசினது போதும், ஓட்டுக்கு விடுங்கள் என்றானாம். களைத்துப் போயிருந்த கூட்டமும் ஆமாம் என்றதாம். ஆல்வின் குனிந்து தாளைப் பார்த்தார். தட்டு விழுந்திருக்கும் என்று அவருக்கு நினைப்பு. பத்தொன்பது வருடம் தவறாமல் விழுந்த தட்டு. நாங்கள் பின்னால் வந்து நிற்கிறோம் என்று எங்கள் வீட்டுக்காரர்களுக்கு நினைப்பு. என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, புண்ணியவான். பார்த்தவள் ஒருத்திதான், ஆசிரியை ஏவிஸ். அவள் வீடு ஊர் எல்லைக்கு அந்தப்புறம். வெளியூர்க்காரர்களுக்கு ஓரமாகத் தனி பெஞ்சு; கூட்டம் அனுமதிக்காமல் பேசக்கூடாது. பாவம், கையை உயர்த்திக்கொண்டே இருந்திருக்கிறாள். எண்ணிக்கை நடக்கும்போது ஆல்வின் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

வேண்டும் என்று நின்றவர்கள் அறுபத்தாறு. வேண்டாம் என்று நின்றவர்கள் எழுபத்தொன்று. தீர்மானம் தோற்றது. ஆல்வின் சுத்தியலால் அடித்தார்.

அந்தச் சத்தம் மட்டும் எப்படியோ எங்களுக்குக் கேட்டது. நான் கதவைத் தூக்கினேன். எல்லாரும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஏவிஸ் அழுதுகொண்டிருந்தாள்.

“எங்கள விட்டுட்டு ஓட்டு எடுத்தீங்களா?” என்றேன். தலைவரே என்று சொல்லக்கூட மறந்துவிட்டது.

ஆல்வின் முகம் வெளிறிவிட்டது. வருந்துகிறேன், ஆனால் எண்ணியது எண்ணியதுதான் என்றார். விதியை எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். மறுபடி எடுக்கலாம், ஆனால் ஜெயித்த பக்கம் நின்ற ஒருவர் கேட்கவேண்டும். தோற்றவர்கள் கேட்டால் செல்லாது. அதுவும் அவர் ஆறாவது தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கும்வரைதான். தொடங்கிவிட்டால் கதை முடிந்தது.

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்தார். அந்த எழுபத்தொரு பேரில் ஒருவரும் நிமிரவில்லை. எனக்கு வேண்டியவர்கள், என் திருமணத்தில் ஆடியவர்கள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தலைவரே, அடுத்ததப் படிங்க,” என்றான் ரஸல்.

ஆல்வின் கண்ணாடியை மாட்டித் தாளைக் கையில் எடுத்தார். எனக்கு அரை அடி தள்ளி ஒரு நாற்காலி நகர்ந்தது.

“தலைவரே, நான் வேண்டாம்னு நின்னவன். மறுபடி எடுக்கச் சொல்றேன்.”

வெண்டெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றார் ஆல்வின்.

“இருக்கு. தட்டுறது என் வேல. ரஸல் எந்திரிச்சப்பவே கைய ஓங்கிட்டேன். அப்புறம் கீழ இறக்கிட்டேன். மறந்து போகல. தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

என் மேல் இருந்த கோபத்தாலா, மாடுகளின் நினைப்பாலா, இன்றுவரை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த நிமிடம் எனக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது, அது மட்டும் தெரியும்.

மறுபடி எடுத்தார்கள். ஈரக்கையோடு எட்டுப் பேர் ‘வேண்டும்’ பக்கம் நின்றோம். எங்களில் ஒருத்தி நிற்கவில்லை, அது அவள் இஷ்டம். எழுபத்து நான்கு. பிறகு மறுபக்கம் எழுந்தது. வெண்டெலும் அவர்களோடு எழுந்தார். எண்ணுகிறவர் தன்னைத் தாண்டிப் போகும்வரை விறைப்பாக நின்றார். எழுபத்திரண்டு.

பள்ளிக்கூடம் பிழைத்தது. யாரும் கைதட்டவில்லை. மணி மூன்றரை, கறவைக்கு நேரமாகிவிட்டது என்று வெண்டெல் கிளம்பினார். வாசலில் ரஸல் வழிமறித்து, “உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியே, பைத்தியக்காரா,” என்றான். “என் தலதான ரஸல்,” என்று சொல்லிவிட்டு அவர் பனியில் இறங்கிப் போனார்.

ஏப்ரல் கடைசியில் மாட்டு லாரிகள் வந்தன. நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. ஊரில் வேறு ஒருவரும் வரவில்லை. முப்பத்து மூன்று மாடுகள் ஏறிவிட்டன. கடைசி ஒன்று, பழுப்பு நிறக் கிழடு, பலகையில் கால் வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. லாரிக்காரன் கம்பை எடுத்தான். வெண்டெல் அதைப் பிடுங்கி வீசினார்.

“வெண்டெல், அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றேன்.

“சொல்லியிருக்கக் கூடாதுதான்,” என்றார். கயிற்றை என் பக்கம் நீட்டினார். “நீ முன்னால நடம்மா. நான் கூப்பிட்டா இது திரும்பித் திரும்பிக் கொட்டகையத்தான் பாக்குது. உன்னோடன்னா போயிடும்.”

நான் கயிற்றைப் பிடித்து நடந்தேன். அவர் சொன்னது சரி, மாடு என் பின்னாலேயே ஏறிவிட்டது. இன்னொரு முறை ஓட்டு வந்தால் நான் அதே பக்கம்தான் எழுந்து நிற்பேன். அதை நினைத்துக்கொண்டேதான் உள்ளே கம்பியில் முடிச்சுப் போட்டேன். இறங்கி வந்தபோது வெண்டெல் லாரிக்காரனிடம், வளைவில் மெதுவாகப் போ, அதற்கு வண்டியில் நின்று பழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.