செப்பு அண்டாவுக்கு முன்னால்

காலையிலிருந்து பேத்தி கவிதாவோடு பெங்களூரில் நடக்கிறேன். ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் கன்னடம். ஊர் முடிகிற பாடாக இல்லை. நடுவில் ஒரு பார்க். எங்கள் பாலக்கோடு ஊரையே அதற்குள் வைத்துவிடலாம். அத்தனை மரத்தில் ஒன்றிலாவது ஆடு கட்டியிருக்கிறார்களா? இல்லை!

கடைசியில், அவள் வேலை பார்ப்பதாக வீட்டில் சொல்லியிருக்கும் ‘ஓட்டல்’. பலகையைப் படிக்க எனக்குத் தெரியாது. உள்ளே போனால் இரண்டு ஆள் உயரத்துக்குச் செப்பு அண்டாக்கள் பளபளக்கின்றன. எங்கள் மாரியம்மன் கோயில் கூழ் அண்டா இதன் முன்னால் வெறும் சொம்பு. முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகின் வாசனை வேறு.

“என்ன காச்சறீங்க சாமி?” என்று அங்கே நிற்பவரைக் கேட்கிறேன்.

“பீர், அஜ்ஜி! ராகியில பண்றோம். பதம் பாக்கறது உங்க பேத்திதான்.”

கவிதா முகம் வெளுக்கிறது. அவள் அப்பா, என் மகன், குடித்துவிட்டு வந்த சொந்த மச்சானையே வாசலோடு திருப்பி அனுப்பியவன். பாரில் வேலை என்று தெரிந்தால் இன்றைக்கே இவளைக் கூட்டிப்போய்விடுவான்.

“ஆயா, அப்பாகிட்ட சொல்லிறாத.”

நான் அண்டா பக்கத்தில் ஒரு தட்டிலிருந்த முளைகட்டிய ராகியில் நாலு மணியைக் கடித்துப் பார்க்கிறேன்.

“மொளை பத்தல கண்ணு. ஈரத்துணியில இன்னொரு நாளு வெச்சிருக்கணும்.”

“ஆயா!”

“கேவுரு மொளகட்டற வேலைன்னு உங்கப்பன்கிட்ட நான் சொல்றேன். மீதிய நீதான் சொல்லணும். ஆனா வூட்டுல வெச்சு சொல்லாத. அவன இங்க கூட்டியாந்து, இந்த அண்டா முன்னாடி அண்ணாந்து நிக்க வெச்சு சொல்லு.”