எந்தத் திரையானாலும் மூன்று பத்தி

அந்த இணைய இதழின் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘பத்தி’தான். கட்டுரைகளைச் செய்தித்தாள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நெட்டுப் பத்திகளாகப் பிரித்துத் திரையில் அடுக்குவது அவள் வேலை. தனக்கு விவாகரத்தான கதையை மட்டும் அங்கே யாரிடமும் வாய் திறந்ததில்லை.

ஒருநாள் ஆசிரியர் புதுத் தொடர் ஒன்றை அனுப்பினார். எழுதியவன் அவளுடைய முன்னாள் கணவன். தலைப்பு, ‘ராட்சசியோடு குடித்தனம்’. படிக்கப் படிக்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஞாபகமில்லாமல் வீட்டைப் பூட்டி, பெற்ற தாயைப் பகல் முழுக்க உள்ளே அடைத்துவிட்டுப் போனவன் அவன். அதை இவள் வேண்டுமென்றே செய்ததாக எழுதியிருந்தான்.

“இருடா, உன்னை வச்சுக்கிறேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தின் அமைப்பை எழுதிவைக்கும் ஸ்டைல் ஷீட்டைத் திறந்தாள்.

பத்திக்குக் குறைந்தபட்ச அகலத்தை மட்டும் சொல்லிவிடுவது அவள் வழக்கம். கணினியில் மூன்று, போனில் ஒன்று என்று பிரவுசரே இடத்துக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளும். இந்த முறை அகலத்தை அழித்துவிட்டு, எந்தத் திரையானாலும் மூன்று பத்தி என்று அடித்தாள். போனில் வரிக்கு ஒரு சொல்தான் நின்றது. நீளமான சொற்கள் பக்கத்துப் பத்தியின் மேல் ஏறி மிதித்தன. அடிமட்டம் வரை இறங்கி, அடுத்த பத்திக்காக மறுபடி உச்சிக்கு ஏற வேண்டும். படித்துக் கிழிக்கட்டும்!

மறுநாள் கருத்துப் பகுதி முழுக்கத் திட்டு. ‘கண்ணு அவிஞ்சு போச்சு. பாதியிலேயே ஓடிட்டேன்.’ அவளுக்கு மனசு குளிர்ந்தது.

மத்தியானம் அவன் அம்மா கூப்பிட்டாள். பிரிந்த பிறகும் இவளிடம் பேச்சை விடாத மனுஷி.

“ஏம்மா, அவன் என்னவோ எழுதியிருக்கானாமே? என் போன்ல பூட்டு, அம்மான்னு துண்டு துண்டா தெரியுது. என்னதான் எழுதியிருக்கான்?”

நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினாள். தான் சொன்னால் கோள் மூட்டியதாகிவிடும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் பொய் யார் கண்ணிலும் படாமல் இத்தனை நேரம் தானே அல்லவா காவல் காத்திருக்கிறாள்!

“கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்து பாருங்க அத்தை. பளிச்சுனு தெரியும்.”

அகலத்தைத் திரும்பப் போட்டாள். போனில் ஒற்றைப் பத்தி வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினாள். கணினியில் பூட்டுச் சம்பவம் இரண்டு பத்திக்கு நடுவே உடையாதபடி சேர்த்துக் கட்டினாள்.

சாயங்காலத்துக்குள் அத்தையின் கருத்து வந்துவிட்டது: ‘நான் இவனைப் பெத்தவ. என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனது இவன்தான். கதவை உடைச்சுக் காப்பாத்தினது மருமக.’ அதற்குக் கீழே ஆளாளுக்கு அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆசிரியர் தொடரையே நிறுத்தினார்.

அவன் போனில் குதித்தான். “அம்மாவைத் தூண்டி விட்டியா?”

“நீ எழுதினதை எல்லாரும் படிக்கிற மாதிரி வச்சேன். அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

முதல் நாள் பக்கத்தைக் கெடுத்ததற்காக ஆசிரியர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். தொடர் இன்னும் இரண்டு வாரம் ஓடி, அவன் இன்னும் கொஞ்சம் கிழிபட்டிருக்கலாமே என்பதுதான் அவள் மனக்குறை.