கட்டைவிரல் பள்ளம்

என் அக்கா பீங்கான் கலைஞர். யாராவது "சட்டி செய்யுறவ" என்று சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

பதினோரு வருடத்துக்கு முன், ஈரக் கோப்பை ஒன்றைச் சக்கரத்திலிருந்து அவசரமாகத் தூக்கும்போது அவள் கட்டைவிரல் அழுந்திப் பள்ளம் விழுந்துவிட்டது. கழிக்க வேண்டிய சரக்கு. நான்தான் கவனிக்காமல் அதையும் சுட்டு, ஓட்டலுக்குப் போகும் பெட்டியில் வைத்துத் தொலைத்தேன். ஓட்டல் மேனேஜர் அதைப் பிடித்துப் பார்த்து, "விரல் வைக்க இடம் விட்டிருக்கீங்களே! எல்லாத்துலயும் இப்படியே போட்டுடுங்க" என்றார். அன்று ஐஸ்கிரீம் வாங்கித் தின்று கொண்டாடினோம். பைத்தியங்கள்!

அன்று பிடித்தது சனி. ஒரு ஓட்டல் ஏழானது. வாரத்துக்கு நானூறு கோப்பை, நானூறு பள்ளம். உதவிக்கு வேறு ஆள் வைத்தோம். மேனேஜர் தடவிப் பார்த்து, "இது மேடம் விரல் இல்லையே" என்று திருப்பி அனுப்பினார். அவர் வாயில் மண்ணைப் போட!

இந்த வருடம் கண்காட்சிக்கு அக்கா பெயர் கொடுத்தாள். மெல்லிசாக, வழுவழுவென்று பன்னிரண்டு கிண்ணம் வைக்க வேண்டும். காய வைத்துச் சுட்டெடுக்க நாள் வேண்டும் என்பதால், வனைய, ஓட்டல் வேலை இல்லாத ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

"இதுவும் நடக்கலேன்னா நான் கோப்பை மிஷினாவே செத்துப்போவேன்டீ" என்றாள்.

ஞாயிறு காலை பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பலகை நீட்ட நீட்ட, வனைந்து வனைந்து வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை பார்த்து எத்தனை காலம்! பன்னிரண்டையும் முடித்து, கை கழுவித் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பன்னிரண்டிலும் பள்ளம்.

"பக்கத்துலயே நின்னியே, சொல்லக் கூடாதா?"

"கண்ணுல படலக்கா." பொய்யில்லை. பள்ளம் இல்லாததைத்தான் என் கண் கண்டுபிடிக்கும், அப்படிப் பழகிவிட்டது.

எல்லாவற்றையும் பிசைந்து மறுபடி வனைந்தாள். இரண்டு சரியாக வரும், மூன்றாவதைத் தூக்கும்போது விரல் தானாக அழுந்தும். மத்தியானத்துக்குமேல் கையை என்னிடம் நீட்டினாள். "கட்டுடீ இத."

பழைய துண்டைக் கிழித்து, கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டினேன். சக்கரம் சுற்றியது. அந்த விரலால் குத்தித்தான் அவள் மண்ணின் நடுவைக் குடைவாள். மற்ற நான்கு விரலுக்கும் அந்த வேலை தெரியவில்லை. மண் உருண்டை குழியாமல் அப்படியே சுற்றியது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சக்கரத்தை நிறுத்தினாள்.

கேட்காமலே முடிச்சை அவிழ்த்தேன்.

"ஓட்டலுக்கு இன்னும் எத்தன பாக்கி?" என்றாள்.

"நூத்தியெம்பதுக்கா." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.