ஒரு முழத்துக் கல்யாணப் பந்தல்

எங்கள் சொந்தத்தில் சரித்திரப் புகழ் பெற்ற கட்டடம் ஒன்றே ஒன்றுதான். நீளம் ஒரு முழம். இன்றைக்கும் அத்தை வீட்டு ஷோகேஸில், பீங்கான் நாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கல்யாணப் பந்தலைக் கட்டியவள் நான். அப்போது நான்காம் வகுப்பு.

மத்திகிரியில் வாடகை வீடு. பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் எரிமலை செய்ய, என்னைப் பந்தல் செய்யச் சொன்னது அத்தைதான். அப்பாவின் தங்கை, ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. ஈர்க்குச்சியில் கால்கள், தென்னங்கீற்றைக் கிழித்துப் பின்னிய கூரை, வாசலில் வாழை மரத்துக்குப் பதில் வெங்காயத்தாள். குனிந்து உள்ளே பார்த்தால் பந்திக்கு இலை போட்டுவிடுவார்கள் போலிருக்கும்.

அந்த நாட்களில் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சரியாகச் சொன்னால், நின்றுகொண்டிருந்தது. அத்தையோடு வேலை பார்த்த, கல்லாவி ஊர்க்காரர் ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு முறை பெண் கேட்டு வந்துவிட்டார்கள். ஜாதகம் பொருந்தியது. அத்தைக்கும் பிடித்திருந்தது. அப்பா மட்டும் ‘ஆகட்டும், பாக்கலாம்’ என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். பெற்றவர்கள் போனபின் தங்கையைத் தூக்கி வளர்த்தவர், அனுப்ப மனசில்லை. இனி அவர்கள் வரமாட்டார்கள், வேறு இடம் பார்க்கிறார்கள் என்று சேதி வந்தது. அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அத்தை என்னிடம் சொன்னாள்: “பந்தக்கால் நடாம பந்தல் போட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க கண்ணு.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பென்சில் நீளத்தில் ஒரு பால மரத்துக் குச்சி. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலையும் மஞ்சள் துணியில் முடிந்த நவதானியமும் கட்டி, வாசலில் ஈசானி மூலையில் நட்டு, பாலும் ஊற்றினேன். தெலுங்கு பேசும் வீட்டுக்காரம்மா வந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மாட்டுப் பண்ணையில் வேலை முடிந்து அப்பா வந்தார். அவர் சைக்கிள் நிறுத்துகிற இடம் அது. குனிந்து குச்சியைப் பிடுங்கப் போனார்.

“வத்து சார், வேண்டாம்,” என்று வீட்டுக்காரம்மா ஓடிவந்தாள். “பால் ஊத்தின பந்தக்கால, கல்யாணம் ஆகாம பிடுங்குவாங்களா? வயசுப் பொண்ணு இருக்கற வீடு.”

“இது பாப்பா வெளையாட்டுக்கு நட்டதும்மா.”

“பாப்பா நட்டா என்ன, நா நட்டா என்ன? சாமிக்குத் தெரியுமா வெளையாட்டு?”

சைக்கிளுக்கு டயர் மாற்றினால்கூடத் தேங்காய் உடைக்கிறவர் அப்பா. நீட்டிய கை அப்படியே நின்றது. அதற்குள் தெருவில் பாதிப்பேர் கூடி, கல்யாணம் எந்த மாசம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். “எனக்கே தெரியாமப் போச்சே,” என்று அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அப்பா சைக்கிளை எதிர்ச் சுவரில் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை கல்லாவிக்குப் பஸ் ஏறினார்.

என் பந்தல் பந்தக்கால் இல்லாமலே முதல் பரிசு வாங்கியது. அடுத்த முகூர்த்தத்தில் எங்கள் வாசலில் நிஜப் பந்தல் எழுந்தது. அத்தை என் பந்தலை மணமேடைக்கே எடுத்துவரச் சொல்லி, என்னைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் மாப்பிள்ளையைவிட நான்தான் நிமிர்ந்து நிற்கிறேன். என்னால்தான் இந்தக் கல்யாணம் என்று ஊரே சொன்னது. எனக்கோ தலைகால் புரியவில்லை.

அத்தையைக் கல்லாவிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“பந்தக்கால் நடற யோசன யாருது பாப்பா?”

“என்னுதுதான்,” என்றேன். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். “ஆமாமா, உன்னுதேதான்,” என்று கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா மட்டும் ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.